பிறநாட்டு உதவியும் தகுதிச் சட்டமும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது தமிழர் பழமொழி. கொடுப்பவர் மனம் நோகலாகாது என்பதே அதன் கருத்து. ஆனால், நாடுகள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் உலகத்திலே இம்முறை தலைகீழாக அமைந்திருக்கிறது. அங்கே பல்லைப் பிடித்துப் பார்ப்பவர் பெறுபவர் அல்லர், கொடுப்பவரே. அதுமட்டுமன்று, எத்தனை பல் இருத்தல் வேண்டும், எந்தப் பல் ஆடினால் தானம் நிறுத்தப்படும் என்பவற்றையெல்லாம் அவர் முன்கூட்டியே சட்டமாக எழுதி வைத்துக் கொள்கிறார்.

இத்தகைய சட்டம் ஒன்றின் வலிமையை முதன்முதலாக உணர்ந்த நாடு இலங்கையாகும். 1963ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 8ஆம் தேதி, அமெரிக்க ஐக்கிய நாடு இலங்கைக்கு வழங்கி வந்த பொருளாதார உதவியை நிறுத்தியது. இரு நாடுகளுக்குமிடையே போர் மூளவில்லை. தூதுவர் உறவு முறியவில்லை. வாஷிங்டனில் நிறைவேறிய ஒரு சட்டத்தின் ஒரு பிரிவு தானாகவே செயற்படத் தொடங்கியது, அவ்வளவுதான். அச்சட்டம் எவ்வாறு தோன்றியது, எதனைக் கூறுகிறது, அதனால் விளைந்தது யாது என்பனவற்றை அறிந்து கொண்டால், வெளிநாட்டு உதவி என்னும் பெரும் பொருளின் உள்ளமைப்பு ஒருவாறு விளங்கும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், செல்வம் மிகுந்த நாடுகள் பிற நாடுகளுக்கு அரசாங்கப் பணத்திலிருந்து உதவி வழங்கும் வழக்கம் பெருகியது. 1948ஆம் ஆண்டில் மேற்கு ஐரோப்பாவுக்கு மார்ஷல் திட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க சனாதிபதி ட்ரூமன் தமது பதவியேற்பு உரையில், வளர்ச்சி குன்றிய நாடுகளுக்குத் தொழில்நுட்ப அறிவை வழங்கும் எண்ணத்தை நான்காவது அம்சமாக வெளியிட்டார். 1950ஆம் ஆண்டு ஜனவரியில் கொழும்பிலே கூடிய பொதுநலவாய வெளிநாட்டு மந்திரிமார் மாநாட்டிலிருந்து கொழும்புத் திட்டம் பிறந்தது.

உதவிக்குச் செலவாகும் பணம் வரி செலுத்துவோரின் பணம். அதனைப் பிறநாட்டுக்கு வழங்கும் அதிகாரத்தைப் பாராளுமன்றமே அரசாங்கத்துக்கு அளிக்கிறது. அளிக்கும்போது, ‘இன்ன நாட்டுக்குக் கொடுக்கலாம், இன்ன செயல் செய்த நாட்டுக்குக் கொடுக்கலாகாது’ என்று நிபந்தனை விதிக்கும் உரிமையும் அப்பாராளுமன்றத்துக்கு உண்டு. பணத்தின் கணக்கை மக்களுக்குக் காட்ட வேண்டிய பிரதிநிதிகள் அவ்வுரிமையைப் பயன்படுத்துவதில் வியப்பொன்றுமில்லை. ஆனால், அந்நிபந்தனைகளால் பாதிக்கப்படுவோர் வேறொரு நாட்டின் மக்கள். அவர்களுக்கு அப்பாராளுமன்றத்தில் வாக்கில்லை, உறுப்பினருமில்லை. சிக்கல் தொடங்கும் இடம் இதுவேயாகும்.

அமெரிக்கக் காங்கிரஸ் 1951ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதனைக் கொண்டுவந்த அலபாமா மாநிலப் பிரதிநிதியின் பெயரால் அது ‘பாட்டில் சட்டம்’ என வழங்கிற்று. கொரியாவிலே யுத்தம் நடைபெற்றுக் கொண்டிருந்த காலம் அது. சோவியத் ஒன்றியத்துக்கும் அதனைச் சார்ந்தனவாகக் கருதப்பட்ட நாடுகளுக்கும் போருக்குதவும் பொருள்களை விற்கும் எந்த நாட்டுக்கும் அமெரிக்க உதவி கிடையாது என்பது அச்சட்டத்தின் சாரம். றப்பரும் போருக்குதவும் பொருளாகக் கொள்ளப்பட்டது.

இலங்கையின் நிலைமையோ இக்கட்டானது. கொரிய யுத்தத் தொடக்கத்தில் வானளாவ உயர்ந்த றப்பர் விலை 1952ஆம் ஆண்டில் சரிந்து வீழ்ந்தது. அதே வேளையில் உலகச் சந்தையில் அரிசி அரிதாயிற்று, விலையும் ஏறியது. கூப்பன் அரிசியை நம்பி வாழ்ந்த மக்களுக்கு அரசாங்கம் எங்கிருந்தாயினும் அரிசி கொண்டுவரவேண்டியிருந்தது. அரிசி விலை இலங்கை அரசியலில் எத்துணைக் கூர்மையானது என்பதை, கூப்பன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தப்பட்டபோது 1953ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் தேதி மூண்ட ஹர்த்தால் பின்னர் உலகறியக் காட்டியது.

அரிசியும் றப்பரும் குறித்து அமெரிக்காவுடன் நடந்த பேச்சுக்கள் பயனளிக்காது போகவே, வர்த்தக மந்திரி ஆர். ஜி. சேனாநாயக்க பீக்கிங் நகருக்குச் சென்றார். 1952ஆம் ஆண்டு டிசம்பரில் ஐந்தாண்டு றப்பர்-அரிசி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் 270,000 தொன் அரிசியைச் சீனா தருவது. 50,000 தொன் றப்பரை இலங்கை தருவது. றப்பருக்குச் சீனா உலகச் சந்தை விலையினும் கூடிய விலை கொடுத்தது. சீனாவுக்குப் போர்ப்பொருள் விற்றலாகாதென 1951ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் நிறைவேற்றியிருந்தது என்பது உண்மை. ஆயினும் இலங்கை அக்காலத்தில் அச்சபையில் அங்கத்துவம் பெற்றிருக்கவில்லை. 1955ஆம் ஆண்டு டிசம்பரிலேயே அது சேர்த்துக்கொள்ளப்பட்டது.

உடன்படிக்கையினால் அரிசி வந்தது. தோட்டத் தொழிலாளருக்கும் சிறு றப்பர்த் தோட்டக்காரருக்கும் பிழைப்புக் கிட்டியது. அதன் மறுபுறத்தில், அமெரிக்கப் பொருளாதார உதவிக்குத் தகுதியற்ற நாடாக இலங்கை நின்றது. 1956ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் அச்சட்டத்திலிருந்து விதிவிலக்களித்த பின்னரே அவ்வுதவி வரத் தொடங்கியது. விதிவிலக்களிக்க முடிந்தது எவ்வாறு? உதவியை நிறுத்துவது அமெரிக்காவின் பாதுகாப்புக்கே கேடாகும் எனச் சனாதிபதி கருதினால், படைக்கலமல்லாத பொருள்களைப் பொறுத்தவரை உதவியைத் தொடரலாம் என்று பாட்டில் சட்டத்திலேயே ஒரு வாயில் திறந்து வைக்கப்பட்டிருந்தது. அந்த வாயில் இல்லாத சட்டம் எப்படியிருக்கும் என்பதைப் பத்தாண்டுகளுக்குள் இலங்கை கண்டுகொண்டது.

1961ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆம் தேதி, சனாதிபதி கென்னடி வெளிநாட்டு உதவிச் சட்டத்தில் ஒப்பமிட்டார். பலவாறாகச் சிதறிக்கிடந்த உதவித் திட்டங்களை ஒன்றாக்கி, வளரும் நாடுகளின் முன்னேற்றத்துக்கு நீண்டகால உதவி வழங்குவதே அதன் நோக்கம். அவ்வாண்டு நவம்பரில் சர்வதேச அபிவிருத்தி முகவர் நிலையம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் பிறேசில் நாட்டின் ரியோ கிராண்டே டோ சுல் மாநில ஆளுநர் லியோனெல் பிரிசோலா, அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனி ஒன்றின் உடைமைகளைக் கைப்பற்றினார். வாஷிங்டனில் கூக்குரல் எழுந்தது. ‘எங்கள் பிரசைகளின் சொத்தைப் பறிப்பவருக்கு எங்கள் வரிப்பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்?’ என்பதே அதன் பொருள்.

அயோவா மாநில செனற்றர் பூர்க் ஹிக்கன்லூப்பர் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். 1962ஆம் ஆண்டு ஓகஸ்டில் அது சட்டமாயிற்று. வெளிநாட்டு உதவிச் சட்டத்தின் 620ஆம் பிரிவில் இடம்பெற்ற அது கூறுவது சுருக்கமாக இதுவாகும்: அமெரிக்கப் பிரசைகளுக்கு, அல்லது அவர்கள் அரைவாசிக்குக் குறையாத பங்குடைய கம்பெனிக்குச் சொந்தமான உடைமையை ஒரு நாடு தேசிய மயமாக்கினாலோ, கைப்பற்றினாலோ, ஆறு மாதத்துக்குள் நட்ட ஈட்டுக்குரிய தக்க நடவடிக்கைகளை அந்நாடு எடுத்தல் வேண்டும். நட்ட ஈடு விரைவானதாகவும், முழுப் பெறுமதிக்குச் சமமானதாகவும், பிற நாணயமாக மாற்றக்கூடிய பணத்திலும் இருத்தல் வேண்டும். தவறினால் உதவி நிறுத்தப்படும். இதனைத் தள்ளிவைக்கும் அதிகாரம் சனாதிபதிக்கும் இல்லை.

இறுதி வாக்கியமே கவனிக்கத்தக்கது. கென்னடி அரசாங்கம் இத்திருத்தத்தை விரும்பவில்லை. வெளிநாட்டு உறவென்பது நாளுக்கொரு வண்ணம் மாறுவது. அதனை இறுகிய விதியொன்றிற் கட்டிவைத்தால் நெருக்கடி வேளையில் கை கட்டப்பட்டுவிடும் என்று அது அஞ்சிற்று. காங்கிரசோ அக்கையைக் கட்டிவைக்கவே விரும்பியது. சட்டத்துக்குக் காரணமாயிருந்தது பிறேசில்; ஆனால் முதன்முதலில் அகப்பட்டுக்கொண்டது இலங்கை.

இலங்கைப் பாராளுமன்றம் 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை நிறுவியிருந்தது. அதுவரை இத்தீவின் பெற்றோல், மண்ணெண்ணெய் வியாபாரம் முழுவதும் ஷெல், எஸ்ஸோ, கால்ரெக்ஸ் ஆகிய மூன்று பிறநாட்டுக் கம்பெனிகளின் கையில் இருந்தது. ஷெல் பிரித்தானிய-ஒல்லாந்தக் கம்பெனி. ஏனைய இரண்டும் அமெரிக்கக் கம்பெனிகள். எண்ணெய்க்காகச் செலவாகும் அந்நியச் செலாவணியைக் குறைப்பதும், குறைந்த விலையில் எண்ணெய் பெறுவதும் கூட்டுத்தாபனத்தின் குறிக்கோள்கள். சோவியத் ஒன்றியம், ருமேனியா, எகிப்து ஆகிய நாடுகளிலிருந்து எண்ணெய் தருவிக்க ஏற்பாடாயிற்று. 1962ஆம் ஆண்டில் கம்பெனிகளின் விற்பனை நிலையங்களிலும் பிற உடைமைகளிலும் ஒரு பகுதி கூட்டுத்தாபனத்துக்காகப் பொறுப்பேற்கப்பட்டது.

நட்ட ஈடு கொடுக்கப்படமாட்டாது என்று இலங்கை கூறவில்லை. கொடுப்பதற்கான முறையும் இலங்கைச் சட்டத்திலேயே வகுக்கப்பட்டிருந்தது. சொத்தின் பெறுமதியை எவ்வாறு கணக்கிடுவது, எவ்வளவு விரைவிற் கொடுப்பது என்பனவே வழக்கின் மையம். தன் பாராளுமன்றம் வகுத்த முறைப்படி மதிப்பிட்டுக் கொடுப்போம் என்றது ஒரு தரப்பு. அம்முறை முழுப் பெறுமதியைத் தராது என்றது மறுதரப்பு. ஒரு நாட்டின் சட்டம் ஒரு கணக்கைச் சொல்ல, வேறொரு நாட்டின் சட்டம் வேறொரு கணக்கைச் சொன்னது. காலக்கெடு கழிந்தது, இணக்கம் ஏற்படவில்லை. 1963 பெப்ரவரியில் உதவி நின்றது.

இச்சட்டத்தை ஆக்கியோர், உதவி நின்றுவிடும் என்னும் அச்சம் ஒன்றே பிற நாடுகளைத் தடுத்து நிறுத்தும் என எண்ணினர். இலங்கையில் நிகழ்ந்ததோ வேறு. பணத்துக்காகத் தன்மானத்தை விட்டுக்கொடுப்பதா என்னும் கேள்வி எழுந்ததும், பின்வாங்குவது எந்த அரசாங்கத்துக்கும் அரிதாயிற்று. திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் தன் கொள்கையை மேலும் விரித்தது. 1964ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் தேதி தொடக்கம் நாட்டின் பெற்றோல், மண்ணெண்ணெய் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்துக்கே உரியதாயிற்று. தடுப்பதற்காக ஓங்கிய தடி, தடுக்க எண்ணிய செயலை விரைவுபடுத்தியதோ என்று கேட்கத்தக்க நிலைமை இது.

எனினும் உதவியை இழந்ததும் இழப்பேயாகும். ஏற்றுமதி வருமானம் குன்றிய அக்காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெருகின. 1965ஆம் ஆண்டு மார்ச் மாதப் பொதுத்தேர்தலில் ஆட்சி மாறிற்று. டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் கம்பெனிகளுடன் பேசி, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நட்ட ஈடு குறித்து உடன்பாடு கண்டது. அதன்பின் அமெரிக்க உதவி மீண்டும் தொடங்கியது. ஆனால் எண்ணெய் வியாபாரம் பழைய கம்பெனிகளின் கைக்குத் திரும்பவில்லை. கம்பெனிகளுக்குப் பணம் கிடைத்தது; நாட்டுக்குக் கூட்டுத்தாபனம் நிலைத்தது. இரு தரப்பும் முதலிலேயே அமர்ந்து பேசியிருந்தால் இம்முடிவை இரண்டாண்டுகள் முன்னரே எய்தியிருக்கலாம் எனக் கூறுவோரும் உண்டு.

பெரிய நாடொன்றின் விஷயத்தில் இதே சட்டம் எவ்வாறு கையாளப்பட்டது என்பதும் அறியத்தக்கது. 1968ஆம் ஆண்டு ஒக்டோபரில் பெரு நாட்டின் இராணுவ அரசாங்கம் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் உடைமைகளைக் கைப்பற்றியது. ஆறு மாதக் காலம் 1969 ஏப்ரலில் நிறைவெய்திற்று. ஆயினும் சட்டம் முறைப்படி பிரயோகிக்கப்படவில்லை. கம்பெனியின் மேன்முறையீடு பெரு நாட்டிலே விசாரணையில் இருப்பதால், ‘தக்க நடவடிக்கை’ நடந்துகொண்டிருக்கிறது என்று வாஷிங்டன் விளக்கம் கூறிற்று. சனாதிபதியின் கையைக் கட்டிய கயிற்றிலே, சொற்பொருள் விளக்கத்தால் ஒரு முடிச்சு தளர்த்தப்பட்டது. 1973ஆம் ஆண்டில் காங்கிரசே சட்டத்தைத் திருத்தி, தேசிய நலன் கருதி இவ்விதியைத் தள்ளிவைக்கும் அதிகாரத்தைச் சனாதிபதிக்கு அளித்தது.

நிபந்தனைகள் சொத்துரிமையோடு நின்றுவிடவில்லை. கடன் தவணையை ஆறு மாதத்துக்கு மேல் செலுத்தத் தவறிய நாட்டுக்கு உதவி இல்லை என்னும் விதி அதே சட்டத்தில் இடம்பெற்றது. 1975ஆம் ஆண்டில் வேறொரு திருத்தம் வந்தது. மனித உரிமைகளைத் தொடர்ச்சியாகவும் மோசமாகவும் மீறும் அரசாங்கத்துக்கு அபிவிருத்தி உதவி வழங்கலாகாது. ஆனால் அவ்வுதவி ஏழை மக்களை நேரே சென்றடையுமாயின் வழங்கலாம் என்பது அதன் கருத்து. அரசாங்கத்தைத் தண்டிக்கும்போது பசித்தவனைத் தண்டிக்கலாகாது என்னும் நினைவு இங்கே சட்டத்தில் ஏறியிருக்கிறது. ஹிக்கன்லூப்பர் திருத்தத்தில் இத்தகைய நினைவு எதுவும் இல்லை என்பதை ஒப்பிட்டுக் காணலாம்.

1985ஆம் ஆண்டின் பிறெஸ்லர் திருத்தம் ஒரே நாட்டைக் குறித்து எழுதப்பட்டது. பாகிஸ்தானிடம் அணுவாயுதம் இல்லையென்று ஆண்டுதோறும் சனாதிபதி அத்தாட்சி அளித்தாலன்றி அந்நாட்டுக்கு உதவி கிடையாது என அது விதித்தது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை இருந்தவரை அத்தாட்சி தவறாது கிடைத்தது. படை வெளியேறியபின், 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் கிடைக்கவில்லை. இராணுவப் புரட்சியால் மக்களாட்சி கவிழ்க்கப்பட்ட நாட்டுக்கு உதவியில்லை என்னும் விதியும் இவ்வாறே. 2013ஆம் ஆண்டு எகிப்தில் நிகழ்ந்தது இராணுவப் புரட்சியா, அன்றா என்று தீர்மானிக்காமலே விட்டுவிட்டது அமெரிக்க அரசாங்கம். 2023ஆம் ஆண்டு ஜூலையில் நைஜர் நாட்டில் நிகழ்ந்ததை, அவ்வாண்டு ஒக்டோபரில் புரட்சியென அறிவித்து உதவியை நிறுத்தியது. சட்டத்தின் எழுத்து ஒன்றே. அதனை வாசிக்கும் கண் வேறு.

தகுதியை அளக்க வேறோர் அளவுகோலும் உண்டு. அது வருமானம். உலக வங்கியைச் சேர்ந்த சர்வதேச அபிவிருத்திச் சங்கம் 1960ஆம் ஆண்டில் தோன்றியது. ஆள்வீத வருமானம் குறித்த எல்லைக்குக் கீழ்ப்பட்ட நாடுகளுக்கும், வேறிடத்திற் கடன் பெறும் வலிமையற்ற நாடுகளுக்கும் அது சலுகைக் கடன் வழங்குகிறது. இலங்கை 2017ஆம் ஆண்டில் அப்பட்டியலிலிருந்து தேர்ச்சி பெற்று வெளியேறியது. 2022ஆம் ஆண்டில் பிறநாட்டுக் கடனைச் செலுத்த இயலாத நிலையெய்தியபின், அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் அதன் உதவிக்கு உரியதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. தேர்ச்சி பெற்ற மாணவன் திரும்பவும் பழைய வகுப்பில் அமர்வதுபோன்ற நிகழ்ச்சி இது. ஆயினும் அத்தகுதியிழப்பே அன்று உதவிக்குரிய தகுதியாயிற்று.

மூன்றாவது முறை, புள்ளியிட்டுத் தெரிவது. 2004ஆம் ஆண்டில் அமெரிக்கா நிறுவிய மிலேனியம் சவால் கூட்டுத்தாபனம், நல்லாட்சி, மக்கள் நலச் செலவு, பொருளாதாரச் சுதந்திரம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு நாடுகளைத் தெரிவு செய்தது. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் இலங்கைக்கு 480 மில்லியன் டொலர் வழங்க அது இசைந்தது. இங்கே தகுதி கிடைத்தது, இணக்கம் கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் நாட்டின் இறைமைக்கு இடையூறாகுமா என்று இலங்கையில் நீண்ட வாதம் எழுந்தது. ஒப்பமிடப்படாமலே 2020 டிசம்பரில் அத்தொகை கைவிடப்பட்டது. உதவியைத் தடுக்கும் உரிமை கொடுப்பவருக்கு இருப்பதுபோல, வேண்டாமெனக் கூறும் உரிமை பெறுபவருக்கும் உண்டென்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

கொடுப்பவரையே கட்டுப்படுத்தும் சட்டமும் உலகில் இல்லாமலில்லை. மலேசியாவின் பெர்காவ் அணைக்கட்டுக்குப் பிரித்தானிய அரசாங்கம் உதவிப் பணம் வழங்கியதை அந்நாட்டு நீதிமன்றம் 1994ஆம் ஆண்டு நவம்பரில் சட்டத்துக்கு மாறானதென்று தீர்த்தது. அபிவிருத்திக்கென ஒதுக்கிய பணத்தைப் பொருளாதாரப் பயனில்லாத வேலைக்குக் கொடுத்தல் தகாது என்பது தீர்ப்பின் கருத்து. பின்னர் 2002ஆம் ஆண்டில் நிறைவேறிய பிரித்தானியச் சட்டம், அபிவிருத்தி உதவி வறுமையைக் குறைக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும் என வரையறுத்தது. யார் நண்பர், யார் பகைவர் என்பதை விடுத்து, பணம் ஏழைக்குப் பயன்படுமா என்று கொடுப்பவரையே கேட்கும் சட்டம் இது.

இவையனைத்தையும் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். உதவிச் சட்டம் எனப்படுவது, ஒரு பாராளுமன்றம் தன் மக்களுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தம். உதவி பெறும் நாடு அதிற் கையெழுத்திடுவதில்லை. ஆகவே அச்சட்டத்தில் தேர்தல் காலத்துக் கோபமும், கம்பெனிகளின் அச்சமும், அறவோரின் இரக்கமும் ஒருங்கே படிந்திருக்கும். நிறுவனங்களும் நிலையானவை அல்ல. கென்னடி காலத்தில் நிறுவப்பட்ட அமெரிக்க முகவர் நிலையம் 2025ஆம் ஆண்டு ஜூலை முதலாம் தேதியுடன் வெளிநாட்டு உதவி வழங்கும் பணியை நிறுத்தியது. எஞ்சிய திட்டங்கள் இராசாங்கத் திணைக்களத்தின் பொறுப்பாயின. நிலையம் போயினும், 1961ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 620ஆம் பிரிவும் ஏட்டிலே இருக்கின்றன.

உதவியை வேண்டாமென்று முற்றாக ஒதுக்குதல் வறிய நாடுகளுக்கு எளிதன்று. அதனையே நம்பித் திட்டம் தீட்டுதலும் பாதுகாப்பன்று. 1952ஆம் ஆண்டில் அரிசிக்காக ஓர் உதவியை இழக்க இலங்கை துணிந்தது. 1963ஆம் ஆண்டில் எண்ணெய்க்காக மீண்டும் இழந்தது. முதலாவது இழப்பில், இழந்ததற்கு ஈடாகக் கிடைத்தது என்ன என்பது மக்களின் உலைப்பானையிலேயே தெரிந்தது. இரண்டாவதில் அத்துணைத் தெளிவில்லை. அதனாலேயே அதுபற்றிய வாதம் நெடுநாள் நீடித்தது. கொடுப்பவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதைத் தடுக்க இயலாதிருக்கலாம். ஆனால் எந்தப் பல்லை அவர் தேடுகிறார், ஏன் தேடுகிறார் என்பதை முன்கூட்டியே வாசித்தறிந்த நாடு, வாயைத் திறப்பதா மூடுவதா என்பதைத் தானே தீர்மானிக்கும் நிலையில் இருக்கும்.